மாணவருக்கு மாணவரே ஆசிரியர்: ஸ்கூல்ஹவுஸ்.வேர்ல்டு சேவை ஒரு மதிப்பீடு

மாணவருக்கு மாணவரே கட்டணமின்றிப் பாடம் சொல்லித்தரும் ஸ்கூல்ஹவுஸ்.வேர்ல்டு என்னும் இணையச் சேவையை, பெருந்தொற்றால் பள்ளிகள் மூடிக் கிடந்த 2020இல், இலவச இணையக் கல்வித் தளமான கான் அகாடமியின் நிறுவனர் சல் கானும் தொழில்நுட்பத் துறையைச் சேர்ந்த ஷிஷிர் மெஹ்ரோத்ராவும் தொடங்கினர். இலாப நோக்கற்ற இந்த அமைப்பின் வகுப்புகள் ஜூம் வழியாகச் சிறு குழுக்களாக நடக்கின்றன. கணிதமும், அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான சாட் தேர்வுப் பயிற்சியும் இதன் முதன்மையான பகுதிகள். இலவசம் என்பதற்காக மட்டும் எதையும் பரிந்துரைக்க இயலாது. பயிற்றுநர் அருகில் இல்லாத நாளிலும் மாணவர் தாமே படித்துக்கொள்ளும் நிலைக்கு வருகிறாரா என்பதே இத்தகைய சேவைக்கு உரைகல்.

என்னை மிகவும் கவர்ந்தது பயிற்றுநரைத் தேர்ந்தெடுக்கும் முறை. சொல்லித்தர விரும்பும் மாணவர், கான் அகாடமியின் அலகுத் தேர்வைத் தம் திரையையும் குரலையும் பதிவுசெய்தபடி எழுதி, ஒவ்வொரு விடைக்கும் எவ்வாறு வந்தார் என்பதை வாய்விட்டு விளக்கி, குறைந்தது 90 சதவீதம் பெற வேண்டும்; அந்தப் பதிவைச் சக மாணவர்கள் பார்த்து ஏற்கவும் வேண்டும்; அப்போதுதான் அந்த அலகுக்கான சான்று கிடைக்கும். சூத்திரத்தை மனப்பாடம் செய்தவர் இந்தக் கட்டத்தில் திணறிவிடுவார். சிகாகோ பல்கலைக்கழகம் சேர்க்கை விண்ணப்பத்தோடு இச்சான்றுகளை ஏற்கிறது. பள்ளியில் நுண்கணிதம் படிக்க வாய்ப்பில்லாதவர்களுக்கு இதை ஒரு மாற்று வழியாகக் கால்டெக் என்னும் கலிபோர்னியத் தொழில்நுட்பக் கல்வி நிறுவனம் 2023இல் அறிவித்தது. சான்றுக்காக மட்டுமே வரும் பயிற்றுநர்களும் இருப்பார்கள் என்பது இதன் மறுபக்கம்.

நல்ல சகப் பயிற்றுநர் என்ன செய்வார் என்பதற்கு ஒரு சிறு கணக்கை எடுத்துக்கொள்வோம். 20 சதவீதத் தள்ளுபடிக்குப் பின் ஒரு பொருளின் விலை 400 ரூபாய் என்றால், அதன் பழைய விலை என்ன? 400இல் 20 சதவீதத்தைக் கூட்டி 480 என்று எழுதும் மாணவர்கள் ஏராளம். தவறு என்று சொல்லி 500 என்ற விடையை எழுதிக் காட்ட ஒரு நிமிடம் போதும். ஆனால் அடுத்த கணக்கிலும் அதே பிழை வரும். தேர்ந்த பயிற்றுநர், “480இல் 20 சதவீதத்தைக் கழித்துப் பாருங்கள்” என்று மட்டும் சொல்லிவிட்டுக் காத்திருப்பார். 384 வருவதைக் கண்டதும், பிழை எங்கே என்று மாணவரே தேடத் தொடங்குவார். விடையைத் தாமே சரிபார்க்கும் வழக்கமும் அப்போதுதான் உண்டாகும். நேற்றுவரை அதே பிழையைச் செய்த சக மாணவருக்கு, எந்த இடத்தில் கால் இடறும் என்பது ஆசிரியரைவிடச் சில வேளைகளில் நன்றாகவே தெரியும்.

மாணவரைக் கொண்டு மாணவருக்குக் கற்பிப்பது நமக்குப் புதிதன்று. திண்ணைப் பள்ளியின் சட்டாம்பிள்ளை செய்ததும் அதுவே; 1789 முதல் சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர்களுக்கான பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல், பின்னர் இங்கிலாந்தில் ‘மெட்ராஸ் முறை’ என்று பரப்பியதும் அதுவே. அங்கே மூத்த மாணவர் பாடத்தை ஒப்பிக்க வைத்தார். இந்தச் சேவையிலும் சில பயிற்றுநர்கள், குறிப்பாகத் தேர்வுக்கு முந்தைய சாட் பயிற்சியில், பாடத்தைத் தாமே நடத்தி முடித்துவிடும் ஆபத்து உண்டு. நான்கு வாரம், வாரத்துக்கு இரண்டு அமர்வு என்னும் கால அளவில் பொறுமையாகக் காத்திருப்பது எளிதன்று. கேமராவை அணைத்துவிட்டுப் பேசாமல் இருக்கும் கூச்ச சுபாவமுள்ள மாணவரைக் குழுவில் கவனிக்காமல் விட்டுவிடவும் கூடும்.

தமிழ்நாட்டுப் பிளஸ் டூ பொதுத்தேர்வுக்கு இது நேரடியாக உதவாது. வகுப்புகள் ஆங்கிலத்தில் நடக்கின்றன. பாடவரிசை அமெரிக்கப் பள்ளிகளுடையது. அங்கே மாலையில் நடப்பவை நமக்கு விடியற்காலையில் வரும். ஆங்கிலத்தில் தயக்கமின்றிக் கேள்வி கேட்கக்கூடிய, கணித அடிப்படையை வலுப்படுத்த விரும்பும் மாணவர்களுக்கும் சாட் எழுதுவோருக்கும் தாராளமாகப் பரிந்துரைப்பேன். செல்பவர்கள் கணக்கை முன்கூட்டியே முயன்று, எந்த வரியில் நின்றுவிட்டோம் என்று குறித்துக்கொண்டு செல்லட்டும். தம் திரையைப் பகிர்ந்து தாமே எழுத அனுமதி கேட்கட்டும். அதற்கு இடம் கொடுக்காத பயிற்றுநரை மாற்றிக்கொள்வதில் தவறில்லை. பதின்மூன்று வயது நிறைந்தவர்கள் கற்பவராகச் சேர்ந்ததோடு நில்லாமல், தமக்கு நன்கு தெரிந்த ஓர் அலகிலாவது பயிற்றுநர் சான்றுக்கு முயல்வது நல்லது. விடைகளை விளக்கியபடி தேர்வெழுதும் அந்தப் பதிவைச் செய்து பார்ப்பதற்கே இந்தச் சேவையில் சேரலாம்.