ஓவர்ஹால் ஆனது என்று சொல்லி விற்கப்பட்ட லைக்கமிங்: கார் எஞ்சினை மாற்ற நினைக்கும் விமானக் கட்டுநர்களுக்கு ஓர் எச்சரிக்கை

சொந்தமாகக் கட்டிய விமானத்திலிருந்து கார் எஞ்சினைக் கழற்றிவிட்டு, பழைய விமான எஞ்சின் ஒன்றை வாங்கிப் பொருத்த நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். முழு ஓவர்ஹால் (முழுவதும் பிரித்துச் சோதித்துப் பூட்டும் பணி) முடிந்தது, அதற்குப் பிறகு ஒரு மணி நேரம்கூட ஓடாதது என்று ஒரு வியாபாரி எழுத்தில் உறுதி கூறி எனக்கு விற்ற ஓ-320 (லைக்கமிங் நிறுவனத்தின் விமான எஞ்சின்), உண்மையில் சிலிண்டர்கள் மட்டும் மாற்றப்பட்டு, மேலே புது பெயின்ட் அடிக்கப்பட்ட எஞ்சின். அதற்கு முன்பே ஒருமுறை ஓட்டத்தில் புரொப்பெல்லர் தரையில் அடித்து நின்றுபோன எஞ்சினும்கூட.

என் இரண்டு இருக்கை விமானத்தில் முதலில் இருந்தது 2.5 லிட்டர் சுபாரு. அது மோசமான எஞ்சின் அல்ல. ஆனால் நிமிடத்திற்கு 5000 சுற்றுக்கு அருகில் ஓடி, வேகம் குறைக்கும் கியர்பாக்ஸ் வழியாகப் புரொப்பெல்லரைச் சுற்ற வேண்டியிருந்தது, வெயில் நாளில் மேலேறும்போது ரேடியேட்டர் சூட்டைத் தாங்கவில்லை, இக்னிஷனும் எரிபொருள் இன்ஜெக்ஷனும் பேட்டரியை நம்பியே இருந்தன. ஓ-320 நிமிடத்திற்கு 2700 சுற்றில் 160 குதிரைத்திறன் தருவது, கியர் இல்லாமல் நேராகவே புரொப்பெல்லரைச் சுற்றுவது, பேட்டரி செத்தாலும், தாமே மின்பொறி உண்டாக்கும் இரண்டு மேக்னெட்டோக்களால் ஓடிக்கொண்டிருப்பது. மாற்றுவதற்கு இந்தக் காரணங்கள் போதும் என்று இன்றும் நினைக்கிறேன்.

ஆனால் இந்த மாற்றம் எஞ்சினோடு முடிவதில்லை. எஞ்சின் மவுன்ட், முன்மூடி, எக்ஸாஸ்ட், புரொப்பெல்லர் ஆகிய அனைத்தும் புதிதாக வேண்டும். இன்ஜெக்ஷனுக்காகப் போட்ட அதிக அழுத்த பம்ப்பும் டேங்க்குக்குத் திரும்பும் குழாயும் கார்புரேட்டருக்குத் தேவைப்படாமல் போகும். ரேடியேட்டரும் கியர்பாக்ஸும் போன பிறகு விமானத்தை மறுபடி எடை போட்டு ஈர்ப்பு மையத்தைக் கணக்கிட வேண்டும். அதாவது, எஞ்சினில் பழுது தெரியவரும் நேரத்தில் விமானத்தின் முன்பகுதி முழுவதும் அதற்கேற்ப அமைக்கப்பட்டிருக்கும். வாங்கியவர் எளிதில் திருப்பித் தர மாட்டார் என்பது இத்தகைய வியாபாரிகளுக்கு நன்றாகத் தெரியும்.

எஞ்சினோடு வந்த லாக்புக் (பராமரிப்புப் பதிவேடு) புத்தம் புதியது. பழையது தொலைந்துவிட்டது என்றார்கள். முதல் பக்கத்தில், தயாரிப்பாளரின் கையேட்டின்படி ஓவர்ஹால் செய்யப்பட்டது என்று ஒற்றை வரி, அதன் கீழே ஒரு பட்டறையின் முத்திரை. எவை புதிய பாகங்கள், எவை பழையவை, புரொப்பெல்லரைச் சுற்றும் கிராங்க் ஷாஃப்ட்டின் அளவுகள் என்ன என்று கேட்டபோதெல்லாம், பட்டறையிலிருந்து பட்டியல் வந்ததும் அனுப்புகிறோம் என்றே பதில் வந்தது. பட்டியல் வரவில்லை.

கம்ப்ரஷன் பரிசோதனையில் நான்கு சிலிண்டர்களும் நன்றாகவே இருந்தன. புது சிலிண்டர்கள் அல்லவா, இருக்கத்தானே செய்யும். 80 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் காற்றைச் செலுத்திச் செய்யும் அந்தப் பரிசோதனை பிஸ்டன் வளையங்களையும் வால்வுகளையும் பற்றித்தான் சொல்லும். வால்வுகளைத் திறக்க வைக்கும் கேம் ஷாஃப்ட்டைப் பற்றி எதுவும் சொல்லாது. லைக்கமிங்கில் கேம் ஷாஃப்ட் கிராங்க் ஷாஃப்ட்டுக்கு மேலே இருப்பதால், எஞ்சின் நீண்ட நாள் ஓடாமல் கிடந்தால் ஆயில் வடிந்து, ஈரம் படிந்து, முதலில் துருப்பிடிப்பது அதுதான்.

முதல் ஆயில் மாற்றத்தின்போது மெக்கானிக் ஃபில்டரை வெட்டித் திறந்து, மடிப்புத் தாளைப் பிரித்து விளக்கின் கீழ் விரித்தார். புதிதாக ஓடத் தொடங்கிய எஞ்சினில் மிக நுண்ணிய துகள் கொஞ்சம் வருவது இயல்பு. இதிலோ தட்டையான, பளபளக்கும் செதில்கள் மடிப்புக்கு மடிப்பு கிடந்தன. காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனதும் எழுந்து ஒட்டிக்கொண்டன. அலுமினியம் ஒட்டாது, இது எஃகு. ஒரு சிலிண்டரைக் கழற்றி உள்ளே பார்த்தபோது கேமின் முனை அரித்துக் குழிகுழியாக இருந்தது. கேம் தள்ளும் டேப்பெட்டுகள் இந்த எஞ்சினில் காளான் வடிவத்தில் இருப்பதால், எஞ்சினின் கூடான கிராங்க்கேஸை இரண்டாகப் பிரிக்காமல் அவற்றை வெளியே எடுக்க முடியாது.

பிரித்ததும் மற்றவை வெளிப்பட்டன. கேஸின் இரு பாதிகளுக்கிடையே வைக்கப்படும் பட்டு நூலும் ஒட்டும் பசையும் பழுப்பேறி, காய்ந்து, பொடியாக உதிர்ந்தன. கேஸை இறுக்கும் போல்ட் நட்டுகளின் மேல் பழைய பெயின்ட் உடையாமல் அப்படியே இருக்க, அதன் மேல்தான் புதுப் பெயின்ட் இருந்தது. ஓவர்ஹால் என்றால் முழுவதும் பிரித்து, சுத்தம் செய்து, சோதித்து, தேவையானதைச் சரிசெய்து, மறுபடி பூட்டி, பரிசோதித்திருக்க வேண்டும் என்பது அமெரிக்க விமான ஒழுங்குமுறை அமைப்பின் விதி. இந்தக் கேஸ் பல ஆண்டுகளாகத் திறக்கப்படவே இல்லை. முத்திரையில் இருந்த பட்டறையிடம் விசாரித்தபோது, தாங்கள் சிலிண்டர்களை மட்டுமே மாற்றியதாகவும், அந்த வரியைத் தாங்கள் எழுதவில்லை என்றும் தெளிவாகச் சொன்னார்கள்.

டயல் கேஜ் (நுண்ணிய விலகலை அளக்கும் கருவி) வைத்து கிராங்க் ஷாஃப்ட்டின் முன் விளிம்பைச் சுற்றிப் பார்த்தபோது, வளைவு அனுமதிக்கப்பட்ட அளவைத் தாண்டியிருந்தது. எஞ்சின் முன்பு இருந்த விமானத்தின் பதிவெண்ணைக் கண்டுபிடித்துப் பொது விபத்துப் பதிவுகளில் தேடியதில், சக்கரம் மடங்கித் தரையில் சறுக்கிய நிகழ்வு ஒன்று அகப்பட்டது. புரொப்பெல்லர் அடிபட்ட லைக்கமிங்குகளில் பின்புறமுள்ள கிராங்க் ஷாஃப்ட் கியரைச் சோதித்து, அதன் போல்ட்டையும் பூட்டுத் தகட்டையும் மாற்ற வேண்டும் என்று 2004-இல் வெளியான கட்டாய உத்தரவு (2004-10-14) சொல்கிறது. காரணம் எளிது: கேம் ஷாஃப்ட்டும் மேக்னெட்டோக்களும் ஆயில் பம்ப்பும் அந்தக் கியரால்தான் ஓடுகின்றன, அது விட்டால் எஞ்சின் அந்தக் கணமே நின்றுவிடும். என் எஞ்சினில் அந்தத் தகடு மாற்றப்பட்ட அறிகுறியே இல்லை.

இவை அனைத்தையும் படங்களோடு அனுப்பியபோது வியாபாரியின் முதல் பதில், எக்ஸ்பெரிமென்டல் (சொந்தமாகக் கட்டிய) விமானத்திற்கு விற்ற பொருளுக்கு உத்தரவாதம் இல்லை என்பது. வானத்தில் நின்றுபோகும் கியர், விமானத்தின் மேல் என்ன வார்த்தை எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்ப்பதில்லை. இரண்டாவது பதில் இன்னும் வேடிக்கையானது: வேறொரு ஓ-320 தருவதாகச் சொன்னார், அது கூம்பு வகை மவுன்ட் கொண்டது, நான் செய்து வைத்திருப்பதோ டைனஃபோக்கல் என்னும் வேறு வகை மவுன்ட். அதை ஏற்றால் மவுன்ட்டை முதலிலிருந்து செய்ய வேண்டும். அதன்பின் அவர் பதில் எழுதுவதையே நிறுத்திவிட்டார்.

இத்தகைய எஞ்சினை வாங்கும் முன் முழு லாக்புக்கையும், ஓவர்ஹால் செய்த பட்டறையின் பணி ஆணையையும், பாகங்களின் பட்டியலையும் கேளுங்கள். பட்டறையை நீங்களே தொலைபேசியில் அழைத்து எஞ்சினின் வரிசை எண்ணைச் சொல்லி உறுதிப்படுத்துங்கள். ஓடிய மணி நேரத்தை மட்டும் காட்டினால் போதாது. இந்த எஞ்சினுக்கு லைக்கமிங் பொதுவாகப் பரிந்துரைக்கும் ஓவர்ஹால் இடைவெளி 2000 மணி நேரம் அல்லது 12 ஆண்டுகள், எது முந்தியதோ அது. எந்த விமானத்திலிருந்து கழற்றப்பட்டது என்ற பதிவெண்ணை எழுத்தில் வாங்குங்கள். ஒரு சிலிண்டரைக் கழற்றிக் கேமைப் பார்க்கவும், விளிம்பில் டயல் கேஜ் வைக்கவும் உங்கள் மெக்கானிக்கை அனுமதித்து, அதுவரை பணத்தை மூன்றாமவரிடம் வைத்திருக்க விற்பவர் சம்மதிக்க வேண்டும், சம்மதிக்காதவரிடம் வாங்காதீர்கள்.