எஸ்3 ஃபைலைத் திறந்தது யார்? ஏடபிள்யூஎஸ் கிளவுட்டிரெயில்: ஆடிட் மேசையிலிருந்து ஒரு விமர்சனம்

அமேசானின் கிளவுட் சேவையான ஏடபிள்யூஎஸ்ஸில் ஃபைல்களைச் சேமிக்கும் இடம் எஸ்3. அதில் ஃபைல்கள் இருக்கும் பெட்டிக்குப் பக்கெட் என்று பெயர். ஆடிட்டர் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "இந்தப் பக்கெட்டில் இருக்கும் இந்த ஃபைலை மார்ச் மாதம் யார் யார் திறந்தார்கள்?" யார் என்ன செய்தார்கள் என்று எழுதி வைக்கும் கிளவுட்டிரெயில் கணக்கு தொடங்கிய நாளிலிருந்து தானாக ஓடுகிறது, அதில் இருக்கும் என்று போய்ப் பார்த்தால், பக்கெட்டை உருவாக்கியவர், அதன் பாலிசியை (அனுமதி விதிகளை) மாற்றியவர் பெயரெல்லாம் கிடைக்கும். ஃபைலைத் திறந்தவர் பெயர் மட்டும் இருக்காது. தானாகப் பதிவாவது மேனேஜ்மென்ட் ஈவென்ட், அதாவது அமைப்பை நிர்வகிக்கும் செயல்கள் மட்டுமே. ஃபைலைப் படிக்கும் கெட்ஆப்ஜெக்ட், எழுதும் புட்ஆப்ஜெக்ட், அழிக்கும் டெலீட்ஆப்ஜெக்ட் மூன்றும் டேட்டா ஈவென்ட் என்ற தனிக்கணக்கு. அதற்கு நாமே டிரெயில் (பதிவுகளை ஒரு பக்கெட்டில் தொடர்ந்து சேர்த்து வைக்கும் அமைப்பு) உருவாக்கி, நாமே சுவிட்சைப் போட வேண்டும். போடாமல் விட்ட நாட்களின் பதிவை அப்புறம் எவ்வளவு காசு கொடுத்தாலும் வாங்க முடியாது. இந்தச் சேவையின் ஆகப் பெரிய குறை இதுதான்.

தானாகக் கிடைக்கும் ஈவென்ட் ஹிஸ்டரியும் 90 நாளோடு முடிகிறது. இந்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான சர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-ல் வெளியிட்ட உத்தரவு 180 நாள் லாக் (பதிவு) கேட்கிறது. கார்டு விவரம் வைத்திருப்பவர்களுக்கு பிசிஐ டிஎஸ்எஸ் என்ற கார்டு பாதுகாப்புத் தரநிலை 12 மாதம் கேட்கிறது. அதில் கடைசி 3 மாதம் உடனே எடுத்துக் காட்டும் நிலையில் இருக்க வேண்டும். ஆக, டிரெயில் போடாமல் ஆடிட்டுக்கு உட்காருவதில் அர்த்தமே இல்லை.

போடும் முறை எளிதுதான். ஆர்கனைசேஷன் (நிறுவனத்தின் அக்கவுன்ட்டுகள் எல்லாம் சேர்ந்த குழு) அளவில், எல்லா ரீஜனுக்கும் (ஏடபிள்யூஎஸ் டேட்டா சென்டர்கள் இருக்கும் பகுதிகள்) சேர்த்து ஒரே டிரெயில். லாக் போய் விழும் பக்கெட் வேறொரு அக்கவுன்ட்டில். அந்த அக்கவுன்ட்டுக்கு டெவலப்பர் யாருக்கும் அனுமதி வேண்டாம். பிறகு எதைப் பதிவு செய்வது என்று சொல்லும் அட்வான்ஸ்டு ஈவென்ட் செலக்டரில் எஸ்3 ஆப்ஜெக்ட் (ஃபைல்) வகையைத் தேர்ந்தெடுத்து, ஏஆர்என் (ஃபைலின் முழு ஏடபிள்யூஎஸ் முகவரி) இன்னதில் தொடங்க வேண்டும் என்று பக்கெட் பெயரையும் ஃபோல்டரையும் கொடுக்க வேண்டும். இங்கே இரண்டு தவறு அடிக்கடி நடக்கிறது. ஒன்று, "எல்லா பக்கெட்டும்" என்று டிக் அடித்துவிட்டு, லாக் பக்கெட்டும் அதே அக்கவுன்ட்டில் இருப்பதை மறப்பது. லாக் எழுதுவதே ஒரு புட்ஆப்ஜெக்ட். அதற்கு ஒரு லாக், அந்த லாக்குக்கு இன்னொரு லாக் என்று வால் நீண்டுகொண்டே போகும். இன்னொன்று, செலவு மிச்சம் என்று கெட்ஆப்ஜெக்ட் மட்டும் பதிவாகும்படி வைப்பது. ஃபைலை நகலெடுக்கும் காப்பிஆப்ஜெக்ட் வழியாகவும் தரவு வெளியே போகும் என்பது அப்போது நினைவுக்கு வராது.

செலவைப் பார்ப்போம். டேட்டா ஈவென்ட் லட்சத்துக்கு 10 சென்ட். அற்பமாகத் தெரியும். ஆனால் வர்ஜீனியா ரீஜன் விலையில் எஸ்3-யின் வழக்கமான சேமிப்பு வகையான ஸ்டாண்டர்டில் லட்சம் முறை ஃபைல் படிக்க ஆகும் கட்டணமே 4 சென்ட்தான். படிக்கிற காசைப்போல இரண்டரை மடங்கு, படித்ததை எழுதி வைக்கப் போகிறது! ஒரு நாளைக்கு ஒரு கோடி முறை படிக்கப்படும் பக்கெட்டுக்கு இது தினம் 10 டாலர், மாதம் 300 டாலர். வெப்சைட் படங்கள் இருக்கும் பக்கெட்டுக்கெல்லாம் இதைப் போடுவது வீண். ஆதார் நகல், சம்பளப் பட்டியல், மருத்துவ ரிப்போர்ட் இருக்கும் ஃபோல்டர்களுக்குப் படிப்பது, எழுதுவது இரண்டும். மற்றவற்றுக்கு எழுதுவதும் அழிப்பதும் மட்டும். இந்தப் பிரிப்பு போதும்.

கைக்கு வரும் பதிவின் தரம் உண்மையிலேயே நன்று. ஒரு கெட்ஆப்ஜெக்ட் பதிவில் பக்கெட், ஃபைலின் முழுப் பாதை, எந்த ரோல் (அனுமதிப் பொறுப்பு), எந்த ஐபி, எந்த மென்பொருள், எத்தனை பைட் வெளியே போனது வரை இருக்கும். ஆதென்டிகேஷன் மெத்தட் என்ற இடத்தில் "குவெரிஸ்ட்ரிங்" என்று இருந்தால் அது ப்ரீசைன்டு லிங்க் (கையில் வைத்திருக்கும் யாரும் சில காலம் திறக்கக்கூடிய லிங்க்) வழியே நடந்த டவுன்லோடு. அப்போது பதிவில் நிற்கும் பெயர் லிங்கை உருவாக்கிக் கொடுத்தவருடையது. அந்த லிங்க் வாட்ஸ்அப்பில் எத்தனை கை மாறியதோ, ஐபியை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும். ஃபைல்களுக்குள் தேடும் ஏடபிள்யூஎஸ் சேவையான அதீனா வழியாகப் படித்திருந்தால் ஐபி இருக்க வேண்டிய இடத்தில் அதீனா சேவையின் பெயரே நிற்கும். இதை ஊடுருவல் என்று நினைத்துப் பதற வேண்டாம்.

நேரத்தில்தான் பலர் வழுக்கி விழுகிறார்கள். பதிவு முழுக்க யுடிசி, அதாவது நம் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால் இருக்கும் உலகப் பொது நேரம். 20:14 என்று இருந்தால் நமக்கு அது மறுநாள் விடிகாலை 1:44. லாக் ஃபோல்டரும் யுடிசி தேதிப்படியே பிரிகிறது. ஆகவே ஜூன் 3 நள்ளிரவு முதல் காலை ஐந்தரை வரை நடந்ததெல்லாம் ஜூன் 2 ஃபோல்டரில் கிடக்கும். தேதியை மட்டும் கொடுத்துத் தேடி, "அன்று இரவு யாரும் தொடவில்லை" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டால் வம்பு. முன்னும் பின்னும் ஒரு நாள் சேர்த்தே தேட வேண்டும்.

ஆள் யார் என்பதற்குக் கிளவுட்டிரெயில் பொறுப்பேற்காது. ஆறு பேர் ஒரே ஆக்ஸஸ் கீயை (நுழைவுச் சாவியை) வைத்துக்கொண்டு வேலை செய்தால் ஆறு பேருக்கும் ஒரே ஐஏஎம் (ஏடபிள்யூஎஸ்ஸின் அனுமதி நிர்வாகம்) யூசர் பெயர்தான் பதிவாகும். ஒவ்வொருவரையும் தனி லாகினில் நுழைய வைக்கும் ஐடென்டிட்டி சென்டர் வழியாக உள்ளே வரவைத்தால் செஷன் பெயரில் அவரவர் யூசர்நேம் வந்துவிடும். டேட்டா ஈவென்ட்டைப் போடுவதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை இது.

இதற்குப் பதிலாக, பக்கெட்டுக்கு வரும் கோரிக்கைகளை எஸ்3-யே எழுதி வைக்கும் சர்வர் ஆக்ஸஸ் லாக் போதாதா? அதற்கு ஸ்டோரேஜ் செலவு மட்டும்தான். தவறான கீயோடு கதவைத் தட்டித் திரும்பியவர்கள், காலம் கடந்ததை அழிக்கும் லைஃப்சைக்கிள் விதியால் தானாக அழிந்த ஃபைல்கள் இரண்டும் அதில் தெரியும், கிளவுட்டிரெயிலில் தெரியாது. ஆனால் வந்து சேரச் சில மணி நேரம் ஆகும், ஒவ்வொரு பதிவும் வந்தே தீரும் என்ற உத்தரவாதமும் கிடையாது. ஃபைலை அழிக்க முடியாமல் பூட்டி வைக்கும் ஆப்ஜெக்ட் லாக்கை (இங்கே லாக் என்றால் பூட்டு) டீஃபால்ட் ரிடென்ஷனோடு, அதாவது எல்லா ஃபைலுக்கும் தானாகப் பொருந்தும் காலக்கெடுவோடு போட்ட பக்கெட்டில் அதை இறக்கவும் முடியாது. முக்கியமான பக்கெட்டுகளுக்கு இரண்டையும் வைத்துக்கொள்ளலாம். ஒன்றுதான் என்றால் கிளவுட்டிரெயில்.

காரணம், அதன் நம்பகத்தன்மை. லாக் ஃபைல் வேலிடேஷனை ஆன் செய்தால் மணிக்கு ஒரு டைஜஸ்ட் ஃபைல் (சுருக்கப் பட்டியல்) வரும். அந்த நேரத்தில் வந்த ஒவ்வொரு லாக்கின் ஷா-256 ஹாஷும் (கைரேகை போன்ற அடையாளம்) அதில் இருக்கும். முந்தைய டைஜஸ்ட்டோடும் சங்கிலியாகப் பிணைந்திருக்கும். கமாண்ட் லைனில் வேலிடேட்-லாக்ஸ் ஓட்டினால் இடையில் ஒரு ஃபைல் திருத்தப்பட்டிருந்தாலும் காணாமல் போயிருந்தாலும் சொல்லிவிடும். லாக் பக்கெட்டில் கம்ப்ளையன்ஸ் மோடில் ஆப்ஜெக்ட் லாக்கும் இருந்தால், காலக்கெடு முடியும் வரை கணக்கின் முழு அதிகாரம் உள்ள ரூட் யூசராலும் அழிக்க முடியாது. முதலில் ஒரு நாள் கெடுவோடு சோதித்துப் பார்க்கவும். ஏழு வருடம் என்று தவறிப் போட்டுவிட்டால் ஏழு வருடமும் வாடகை கட்ட வேண்டியதுதான். லாக்கை ஒழுங்குபடுத்துகிறேன் என்று வேறு ஃபோல்டருக்கு நகர்த்தினால் அதே கமாண்ட் ஃபைலைக் காணோம் என்று சொல்லும் என்பதும் தெரிந்திருக்கட்டும்.

எழுதி வைப்பதோடு இதன் வேலை முடிந்தது, கூப்பிட்டுச் சொல்லாது. 2019 மார்ச்சில் அமெரிக்காவின் கேப்பிட்டல் ஒன் வங்கியின் எஸ்3-லிருந்து சுமார் 10.6 கோடிப் பேரின் விவரம் எடுக்கப்பட்டது. வங்கிக்குத் தெரிய வந்தது ஜூலையில், வெளியாள் ஒருவர் அனுப்பிய மின்னஞ்சலால். எச்சரிக்கை வேண்டுமென்றால் சந்தேகச் செயல்களைக் கண்டுபிடிக்கும் கார்டுடியூட்டியின் எஸ்3 பாதுகாப்பையோ, குறிப்பிட்ட ஈவென்ட் வந்ததும் செயல்படும் ஈவென்ட்பிரிட்ஜ் விதியையோ தனியாகச் சேர்க்க வேண்டும்.

டேட்டா ஈவென்ட் போடாத காலத்தைப் பற்றி ஆடிட்டர் கேட்டு மாட்டிக்கொண்டவர்களுக்கு ஒரு குறுக்கு வழி உண்டு. ஃபைல்கள் கேஎம்எஸ் (ஏடபிள்யூஎஸ்ஸின் சாவி நிர்வாகச் சேவை) கீயால் என்கிரிப்ட் ஆகியிருந்தால், ஒவ்வொரு முறை திறக்கும்போதும் டீக்ரிப்ட் (என்கிரிப்ஷனைப் பிரிக்கும்) அழைப்பு மேனேஜ்மென்ட் ஈவென்ட்டாகப் பதிவாகியிருக்கும். அதன் என்கிரிப்ஷன் கான்டெக்ஸ்ட் என்ற பகுதியில் ஃபைலின் ஏஆர்என் இருக்கும். கேஎம்எஸ் அழைப்புகளைக் குறைக்கும் பக்கெட் கீ ஆன் ஆகியிருந்தால் அங்கே பக்கெட் பெயர் மட்டும்தான் கிடைக்கும், அழைப்புகளும் குறைந்திருக்கும். டிரெயிலில் கேஎம்எஸ் ஈவென்ட்டை விலக்கி வைத்திருந்தால் கடைசி 90 நாளுக்கு ஈவென்ட் ஹிஸ்டரியைப் பாருங்கள்.