பிரஷர் பம்புக்கு ஸ்பிரிங் சுவிட்சா, எலெக்ட்ரானிக் கண்ட்ரோலரா?

மொட்டைமாடி சின்டெக்ஸுக்கு நேர் கீழே குளியலறை இருந்தால் ஷவரில் தண்ணீர் நூல் மாதிரிதான் வரும். ஒரு பார் (அழுத்தத்தை அளக்கும் அளவு) கிடைக்கவே பத்து மீட்டர் உயரம் வேண்டும், நம் வீடுகளில் இருப்பதோ இரண்டு மூன்று மீட்டர். அதனால்தான் பாளையங்கோட்டை, பெருமாள்புரம் பக்கம் மாடி வீடுகளில் அரை எச்.பி. பிரஷர் பம்பு ஒன்றைப் பார்க்கலாம். அதில் முதலில் மக்கர் பண்ணுவது பெரும்பாலும் மோட்டார் இல்லை, அதை ஓடவிட்டு நிறுத்தும் சுவிட்ச்தான். எங்கள் வீட்டிலும் இந்தக் கோடையில் அதுதான் போனது. கடையில் இரண்டு வழி காட்டினார்கள்: பழைய மாதிரி ஸ்பிரிங் வைத்த பிரஷர் சுவிட்ச், இல்லையென்றால் லைட் எரியும் எலெக்ட்ரானிக் கண்ட்ரோலர். நான் ஸ்பிரிங்கையே வாங்கினேன், இன்னொரு தடவை போனாலும் அதையேதான் வாங்குவேன்.

விலையைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. ஸ்பிரிங் சுவிட்ச் சில நூறில் முடியும், கண்ட்ரோலருக்கு அதைப்போல் பல மடங்கு ஆகும். ஆனால் என்னை முடிவெடுக்க வைத்தது விலை இல்லை. கெட்டுப்போனால் மூடியைக் கழற்றி, எங்கே கெட்டது என்று கண்ணால் பார்க்க முடிகிறதா என்பதுதான்.

ஸ்பிரிங் சுவிட்சுக்குள் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. தண்ணீர் அழுத்தம் ஒரு ரப்பர் டயாபிராமைத் தள்ளும், அது ஸ்பிரிங்கை எதிர்த்து மேலே வந்து பாயிண்டை, அதாவது கரண்ட் கடத்தும் முனைகளை, பிரிக்கும், மோட்டார் நிற்கும். குழாயைத் திறந்து அழுத்தம் இறங்கினால் பாயிண்ட் மறுபடி சேரும். நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் சின்ன சுவிட்சுகள் பலவற்றில் 1.4 பாரில் ஓடி 2.8 பாரில் நிற்கும்படி வைத்திருப்பார்கள். பெரிய ஸ்பிரிங்கின் நட்டைத் திருகினால் இரண்டு அளவும் சேர்ந்து ஏறும், சின்ன நட்டு இருந்தால் அது இடைவெளியை மட்டும் கூட்டும்.

சரி, சுவிட்ச்தான் போச்சா என்று முதலில் பார்க்க வேண்டும். பாதிப் பேர் இங்கேதான் காசை விடுகிறார்கள். குழாயைத் திறந்ததும் பம்பு டக் டக்கென்று விட்டு விட்டு ஓடினால், "அண்ணாச்சி, சுவிட்ச மாத்திருவோம்" என்று எலக்ட்ரீஷியன் சொல்வார். பெரும்பாலும் குற்றவாளி சுவிட்ச் இல்லை, பம்போடு வரும் 24 லிட்டர் பிரஷர் டேங்க். அதற்குள் தண்ணீர் நிற்கும் ரப்பர் பையும் (பிளாடர்), அதைச் சுற்றிலும் காற்றும் இருக்க வேண்டும். காற்று சரியாக இருந்தால் நான் சொன்ன அளவுகளுக்கு நடுவே எட்டு லிட்டர் போலத் தண்ணீர் பம்பு ஓடாமலே வரும். காற்று போய்விட்டால் ஒரு கோப்பை எடுத்தாலே அழுத்தம் தடாலென்று விழுந்து, அடுத்த நொடியே ஏறி, பாயிண்ட் படபடவென்று அடித்துக் கருகும். மெயினை ஆஃப் செய்து, குழாயைத் திறந்து தண்ணீரை வடித்துவிட்டு, டேங்கின் பின்னால் இருக்கும் வால்வில் டயர் கேஜை வைத்துப் பாருங்கள். பைக் டியூபில் இருக்கும் அதே வால்வுதான். 1.4 பாரில் ஓடத் தொடங்கும் சுவிட்சுக்கு 18 பிஎஸ்ஐ இருந்தால் போதும், குறைந்தால் பைக்குக்கு அடிக்கும் பம்பாலேயே அடித்துவிடலாம். வால்வு ஊசியை அமுக்கும்போது காற்றுக்குப் பதில் தண்ணீர் பீய்ச்சினால் பிளாடர் கிழிந்துவிட்டது. அந்த நிலையில் எத்தனை சுவிட்ச் மாற்றினாலும் ஒவ்வொன்றாகச் சோலி முடிஞ்சிரும்.

பம்பு நிற்காமலே ஓடினாலும் அவசரப்படக் கூடாது. உறிஞ்சும் பக்கம் காற்று இழுக்கலாம், ஃபிளஷ் டேங்க் ஒழுகலாம், இல்லையென்றால் பம்புக்கே 2.8 பார் வரை ஏற்றும் தெம்பு இல்லாமல் இருக்கலாம். 25 மீட்டர்தான் தள்ளும் என்று தகட்டில் போட்டிருக்கும் பம்பு அந்த அளவைத் தொடவே தொடாது, ராத்திரி பூரா ஓடும். சுவிட்ச் நிறுத்தும் அளவைக் குறைத்தால் தீர்ந்தது.

இதெல்லாம் சரியாக இருந்தால்தான் சுவிட்சைக் கழற்ற வேண்டும், அதுவும் எம்.சி.பி.யை இறக்கி, டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகு. எங்கள் வீட்டில் இரண்டு கோளாறு. மூடிக்குள் எறும்புக் கூட்டம், பாயிண்டுக்கு நடுவே நாலைந்து கருகி ஒட்டியிருந்தன. அடுத்து, சுவிட்சுக்குத் தண்ணீர் போகும் கால் இஞ்ச் நிப்பிள், அதாவது குட்டைக் குழாய்த் துண்டு. போர் தண்ணீர் உப்பு வெள்ளையாகப் பாறை மாதிரி படிந்து, குண்டூசி நுழையும் அளவுக்குத்தான் ஓட்டை மிச்சம். அழுத்தம் ஏறியதும் இறங்கியதும் சுவிட்சுக்குத் தாமதமாகத்தான் தெரிந்திருக்கிறது. நிப்பிளை மாற்றினால் அதற்கே பாதி உயிர் வந்துவிடும். பாயிண்டை உப்புத்தாளால் லேசாகத் தேய்க்கலாம், ஆனால் மேலே இருக்கும் வெள்ளிப் பூச்சு போய்விடும் என்பதால் அது கொஞ்ச நாள் ஓட்டத்துக்குத்தான். எங்களுடையது குழி விழுந்திருந்தது, அதனால் புதுசு.

இதே கோளாறுகள் கண்ட்ரோலரில் வந்தால்? அதற்குள் தண்ணீர் ஓட்டத்தைக் காட்டும் காந்தம் வைத்த சின்ன அடைப்பான், ஒரு சர்க்யூட் போர்டு, ஒரு ரிலே. உப்பும் துருவும் அந்தக் காந்தத்தில் ஒட்டினால் அது சிக்கிக்கொள்ளும், பம்பு நிற்காது அல்லது ஓடாது. அதையாவது கழுவி எடுக்கலாம். போர்டு போனால் முழு டப்பாவையும் மாற்றச் சொல்லிவிடுகிறார்கள், கடையில் நான் கேட்டபோது தனி போர்டு கிடைக்கவில்லை. ஐப்பசியில் இடி மின்னல் இறங்கி வோல்டேஜ் குதிக்கும்போது இந்தப் பக்கம் எத்தனை வீட்டில் டிவி, மோடம் போகிறது என்று எல்லோருக்கும் தெரியும். ஸ்பிரிங்குக்கு அந்தப் பயமில்லை.

இன்னொன்று, பிரஷர் டேங்க் இல்லாமல் கண்ட்ரோலரை மட்டும் போட்டால் சொட்டு ஒழுகல்கூடத் தொந்தரவுதான். அழுத்தம் 1.5 பாருக்கு இறங்கினதும் ஓடும், பத்து நொடியில் நிற்கும், கொஞ்ச நேரத்தில் மறுபடி ஓடும். டேங்க் இருந்தால் அந்த ஒழுகலை அது தாங்கிக்கொள்ளும்.

கண்ட்ரோலர் ஜெயிக்கும் இடமும் உண்டு, மறைக்க மாட்டேன். தண்ணீர் தீர்ந்தால் தானே நின்றுவிடும். ஸ்பிரிங் சுவிட்சுக்கு அந்த அறிவு கிடையாது. அழுத்தம் இல்லை, ஓடு என்றுதான் அதற்குத் தெரியும், சின்டெக்ஸ் காலியானாலும் ஓடிப் பம்பின் சீல் வெந்துவிடும். நான் சின்டெக்ஸுக்குள் ஒரு ஃபுளோட் சுவிட்சை (தண்ணீர் இறங்கினால் கரண்டைத் துண்டிக்கும் மிதவை) போட்டு பம்பு வயரிலேயே கோத்துவிட்டேன். கீழே சம்ப்பிலிருந்து உறிஞ்சும் பம்பு, வயசானவர்கள் மட்டும் இருக்கும் வீடு என்றால் கண்ட்ரோலரே நல்லது என்றுதான் தோன்றுகிறது. என் வீட்டில் அது ஓடியதில்லை, திசையன்விளையில் மைத்துனர் வீட்டில் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன். அங்கே உவர்த் தண்ணீர், ஒரு தடவை காந்தம் சிக்கியது தவிர அவருக்குக் குறையில்லை. மாடியும் கணக்கில் வரும்: கண்ட்ரோலரை விடப் பதினைந்து மீட்டர் உயரத்தில் குழாய் இருந்தால், நிற்கும் தண்ணீரின் கனமே அழுத்தம் காட்டிக்கொண்டிருக்கும், பம்பு ஓடாது. நம் வீடுகளுக்கு அந்தக் கவலை வராது.

ஸ்பிரிங்தான் என்று முடிவு செய்தால் பழைய சுவிட்சைக் கையோடு கொண்டுபோங்கள், திருகு அளவு மாறினால் அலைச்சல். எத்தனை ஆம்பியர் தாங்கும் என்று பார்த்து வாங்குங்கள், மோட்டார் கிளம்பும்போது ஓடும்போதைவிடப் பல மடங்கு இழுக்கும். நிப்பிளையும் புதுசாகவே போடுங்கள். அப்புறம், மூடியில் வயர் நுழையும் ஓட்டையைக் கிளாண்ட் (வயரைச் சுற்றி இறுக்கும் மூடி) போட்டு இறுக்கச் சொல்லுங்கள், எறும்புக்கு வழி அதுதான்.