ஸ்டென்ட்: ஃபாரினா, இந்தியாவா என்று கேட்பதற்கு முன்

இதயக் குழாய் அடைப்பைத் திறந்து வைக்கும் வலைக்குழல்தான் ஸ்டென்ட். சேலத்தில் அதை வைக்கும் எந்த கேத் லேப் வாசலில் நின்றாலும் ‘ஃபாரினா, இந்தியாவா’ என்பதுதான் முதல் கேள்வி. அதற்குமுன் கேட்க வேண்டியது அந்த வலையின் கம்பித் தடிமன்.

மருந்து பூசிய ஸ்டென்டுகளில் முதல் தலைமுறையான சைஃபர் எவர்சில்வர் எஃகு. கம்பி 140 மைக்ரான் (ஆயிரம் மைக்ரான் ஒரு மி.மீ.). அமெரிக்க அபாட் நிறுவனத்தின் ஸயன்ஸ் (Xience) கோபால்ட் குரோமியம், 81. சினெர்ஜி பிளாட்டினம் குரோமியம், 74. ஆர்சிரோவில் 3 மி.மீ. வரையிலான அளவுகளும் சூரத்துத் தயாரிப்பான சுப்ராஃப்ளெக்ஸும் 60. கம்பி மெலிந்தால் மேலே சவ்வு சீக்கிரம் மூடும், ரத்தம் உறைவது குறையும். செவ்வாய்பேட்டையில் கொலுசு செய்பவருக்குத் தெரியும், மெலிவு சும்மா வராது. வளையங்களை இணைக்கும் பாலங்களையும் குறைத்தால் வளைந்த குழாயில் சுலபமாக ஏறும். ஆனால் ஸ்டென்டைக் கொண்டுபோகும் கத்தீட்டர் குழாய் இடித்தால் நீளவாக்கில் நசுங்கும். ப்ரோமஸ் எலிமென்ட் என்ற ஸ்டென்டில் இந்தச் சிக்கல் வந்ததால்தான் அடுத்த மாடலில் கத்தீட்டர் பக்கத்து முனையில் பாலங்களைக் கூட்டினார்கள்.

உள்ளூர்ச் சரக்கு மட்டம் என்பது பழைய எண்ணம். ஐரோப்பாவில் நடந்த டேலண்ட் ஆய்வில் ஓராண்டு முடிவில் சுப்ராஃப்ளெக்ஸ் ஸயன்ஸுக்குக் குறைவில்லை. ஃபாரின் என்பதாலேயே உசத்தியும் இல்லை: கரையும் ஸ்டென்ட் என்று பெரிதாகப் பேசப்பட்ட அப்சார்ப் அதே அபாட்டின் தயாரிப்புதான். 150 மைக்ரானுக்கு மேல் தடிமன், உறைகட்டித் தொல்லை, 2017-ல் விற்பனையை நிறுத்தினார்கள். அதே ஆண்டு பிப்ரவரியில் மத்திய அரசு மருந்து ஸ்டென்டுக்கு 29,600 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்தது. பிறகு திருத்தங்கள் வந்திருக்கின்றன; பில்லை இன்றைய வரம்போடு ஒப்பிடுங்கள்.

நல்ல ஸ்டென்டும் தோற்பது பெரும்பாலும் சரியாக விரியாததால். சுண்ணாம்பு படிந்த அடைப்பில் முதலில் ரோட்டா என்ற சுழலும் துளைப்பானாலோ அதிர்வலை பலூனாலோ உடைக்காமல் ஸ்டென்டை வைத்தால், பிறகு எவ்வளவு அழுத்தினாலும் ஸ்டென்ட் அந்த இடத்தில் இடுப்புபோல ஒடுங்கியே நிற்கும். வைத்தபின் என்சி பலூனை (அழுத்தம் கூடினாலும் அளவு மீறி உப்பாத பலூன்) உயர் அழுத்தத்தில் ஊதினார்களா, குழாய்க்குள்ளிருந்தே படமெடுக்கும் ஐவஸ் (ஒலியலை) அல்லது ஓசிடி (ஒளி) போட்டுப் பார்த்தார்களா என்று கேளுங்கள். இதயத்தின் இடது பிரதான குழாய் என்றால் இன்னொன்றும்: ஒவ்வொரு ஸ்டென்டுக்கும் விரியும் எல்லை உண்டு. 3 மி.மீ. ஸ்டென்டை 5 மி.மீ. குழாய்க்கு இழுக்க முடியாது.

மாரடைப்புக்குப் பின் வைத்தால் ஆஸ்பிரினோடு ரத்தம் உறையாமல் தடுக்கும் இன்னொரு மாத்திரை வழக்கமாக 12 மாதம். நிலையான நெஞ்சுவலிக்கு 6. ரத்தக்கசிவு ஆபத்து உள்ளவர்களுக்கு டாக்டர் குறைப்பார். பல் பிடுங்க நாமாக நிறுத்தக்கூடாது. ஏற்காட்டு எஸ்டேட்டில் இருப்பவர்கள் இரண்டு வார மாத்திரையைக் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். மழையில் மலைப்பாதை அடைபட்டால் கீழே வந்து வாங்க முடியாது. ஸ்டென்டின் பெயர், அளவு, லாட் எண் உள்ள ஸ்டிக்கர் அட்டையும் மாத்திரை டப்பாவிலேயே இருக்கட்டும்.