மூக்கு நுனியா, விரல் நுனியா?

இறுதியாண்டு ஆய்வுக்கு மனப் பதற்றத்தை அளக்கப் போகும் இரண்டு தம்பிமார் ஒரே வாரத்தில் ஒரே கேள்வியோடு வந்தார்கள்: வெப்பக் கமராவா, விரலில் மாட்டும் வியர்வைச் சென்சரா? நான் இரண்டையும் பாவித்துப் பார்த்துவிட்டுக் கமராவோடு நின்றவன். அதனால் நடுநிலை என்று சொல்லிக்கொள்ள மாட்டேன்.

மூன்றாவதாக, சாதாரண வெப்கமில் முகபாவத்தைப் படிக்கும் மென்பொருளும் இருக்கிறது. அதை ஒரே நாளில் கைவிட்டேன். எங்கள் சோதனை, 1022-இல் இருந்து 13 13 ஆகக் கழித்து வாய்விட்டுச் சொல்வது. பிழைத்தால் முதலில் இருந்து. ஒரு பெடியன் 996 வரை ஒழுங்காக வந்து, அடுத்ததை 973 என்றான். "பிழை, திரும்ப" என்றதும் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். மென்பொருள் 'மகிழ்ச்சி' என்று குறித்தது. கொஞ்ச நேரத்தில் வெப்பப் படத்தில் அவன் மூக்கு நுனி மஞ்சளில் இருந்து ஊதாவுக்குப் போயிருந்தது, அதாவது குளிர்ந்திருந்தது. நம் ஆட்களுக்கு வெட்கத்துக்கும் சிரிப்புதான், தோல்விக்கும் சிரிப்புதான்.

பதறும்போது, உடம்பை உசார்ப்படுத்தும் பரிவு நரம்புகள் தோலின் சின்ன இரத்தக் குழாய்களை இறுக்குகின்றன. மூக்கு நுனிக்கு இரத்தம் குறைய, சூடும் குறைகிறது. நெற்றி அவ்வளவாக அசைவதில்லை. ஆகவே நெற்றிக்கும் மூக்குக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் பார்க்க வேண்டும். போனில் செருகும் மலிவுக் கமரா காட்டும் தனி எண்ணை நம்பாதீர்கள்; இரண்டு மூன்று டிகிரி தள்ளியும் காட்டும். இடையிடையே 'டிக்' என்று ஷட்டரை மூடித் தன்னைச் சரிசெய்யும்போது எண் குதிக்கும். நெற்றியும் மூக்கும் சேர்ந்தே குதிப்பதால் வித்தியாசத்தில் அது பெரும்பாலும் அடிபட்டுப்போகும். இவற்றில் பலவும் நொடிக்கு 9 படத்துக்குள்தான் எடுக்கும் என்பதும் பெரிய குறை இல்லை, இரத்தம் அவ்வளவு அவசரப்படாது.

விரல் சென்சர் மலிவு, வேகம். இரண்டு விரலில் மாட்டினால் வியர்வைச் சுரப்பி விழிப்பதை ஒன்று முதல் மூன்று நொடிக்குள் காட்டிவிடும். திடீர்ச் சத்தத்துக்குத் திடுக்கிடுவதை அளப்பதென்றால் யோசிக்காமல் அதையே எடுங்கள். மூக்கு மந்தம், பத்து, பதினைந்து நொடி, சிலருக்கு அதற்கு மேலும் எடுக்கும்.

ஆனால் இரண்டிலும் கணக்கு ஓய்வு நிலையில் இருந்துதான் தொடங்குகிறது. அந்த ஓய்வு நிலை திருகோணமலையில் சும்மா கிடைக்காது. வயரை மாட்டியதும் எல்லோரும் கேட்டது, "அண்ணா, கரண்ட் அடிக்குமோ?" என்றுதான். அடிக்காது என்று சொல்லச் சொல்லக் கோடு ஏறியது. கை அசைந்தால் ஒரு குதி, வியர்வையில் பட்டி வழுக்கினால் இன்னொரு குதி. கமரா ஒரு மீற்றர் தள்ளி நிற்கிறது. கால் மணியில் அதை மறந்துவிடுகிறார்கள்.

கமராவுக்குப் பகை காற்று. முதலில் இரவல் வாங்கிய ஏசி அறையில் எடுத்தோம். எல்லோர் மூக்கும் ஏற்கெனவே குளிர்ந்திருந்தது, இறங்க இடமே இல்லை. ஏசி வேண்டாமென்று யன்னலைத் திறந்தால், ஆடி மாதக் கச்சான் காற்று ஈர முகத்தை உலர்த்தி நெற்றியையும் சேர்த்துக் குளிரவைத்தது. மின்விசிறியைப் போட்டாலும் அதே கதை. கடைசியில் உவர்மலையில் ஒரு ரியூசன் அறை கிடைத்தது. விடியக்காலை, யன்னல் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, வந்தவரை 20 நிமிடம் கதிரையில் சும்மா இருக்கவிட்டோம். அதற்குப் பிறகுதான் கோடுகள் ஒன்றோடொன்று ஒத்துவந்தன. நான் வீணாக்கிய மூன்று வாரமும் இந்த ஒரு விஷயத்தில்தான் போனது.

சின்னச் சில்லறைத் தொல்லைகளும் உண்டு. மூக்குக்கண்ணாடி இந்த வெப்பக் கதிர்களை உள்ளே விடாது. படத்தில் கறுப்புக் கண்ணாடி போட்ட மாதிரி இருக்கும், கழற்றச் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை கோணேசரைக் கும்பிட்டுவிட்டு வந்த தங்கச்சிக்கு நெற்றி நடுவில் நீல வட்டம். என்ன நோயோ என்று பார்த்தால், காயாத சந்தனம்! தோல் நிறமும் அறை வெளிச்சமும் கமராவுக்குப் பொருட்டே இல்லை. கரண்ட் போன ஒரு நாளும் வேலை நடந்தது.

நான் பார்த்தது 12 பேர், எல்லோரும் கம்பஸ் வயது. சிறுபிள்ளைகள், முதியவர்கள் பற்றி என் அனுபவத்தில் சொல்ல ஒன்றுமில்லை. கோபமா பயமா என்று இரண்டு கருவியும் சொல்லாது, உடம்பு விழித்துக்கொண்டது என்று மட்டும் சொல்லும். 2002-இல் நேச்சர் இதழில் கண்ணோரச் சூட்டை வைத்துப் பொய்யைக் கண்டுபிடிக்கலாம் என்று ஒரு கட்டுரை வந்தது. அந்த ஆசையோடு கமரா வாங்க வேண்டாம்.

தம்பிமாரிடம் முதலில் அறையைக் காட்டச் சொன்னேன். ஒருவனுக்கு மூடிய அறை இருந்தது, கமராவைத் தேடச் சொல்லிவிட்டேன். மற்றவனுடையது கடலைப் பார்த்த திறந்த விறாந்தை. என் விரல் சென்சர் இப்போது அவனிடம்.