வடசென்னை மொட்டை மாடிக்கு பைனாகுலரா, டாப்சோனியனா?

திருவொற்றியூர், தண்டையார்பேட்டைப் பக்கம் வானம் பார்ப்பவர்களுக்கு மேகம் மட்டும் தொல்லையில்லை. துறைமுக விளக்குகள், மணலி ஆலை வெளிச்சம், கடல் ஈரத்தோடு கலந்த புகை எல்லாம் உண்டு. மங்கலான கேலக்ஸிகள் இதில் காணாமல் போய்விடும். ஓரளவு தாக்குப்பிடிப்பவை திறந்த விண்மீன் கொத்துகள்தான் (தளர்வாகக் கூடியிருக்கும் நட்சத்திரக் கூட்டங்கள்). அவற்றுக்கு 10×50 பைனாகுலர் (10 மடங்கு உருப்பெருக்கம், 50 மி.மீ. லென்ஸ்) போதுமா, 6 அங்குல (150 மி.மீ.) டாப்சோனியன் டெலஸ்கோப் (எளிய தாங்கியில் திருப்பிப் பார்க்கும் கண்ணாடித் தொலைநோக்கி) வேண்டுமா?

கார்த்திகைக் கொத்தில் டெலஸ்கோப் தோற்றுவிடும். கொத்தின் அகலம் சுமார் 2 டிகிரி. 1200 மி.மீ. குவியத் தூரமுள்ள டாப்சோனியனில் 25 மி.மீ. ஐபீஸ் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்) போட்டால் 1 டிகிரி சொச்சம்தான் தெரியும். நட்சத்திரங்கள் இருக்கும், கொத்து இருக்காது. பைனாகுலரில் மொத்தமும் அடங்கிவிடும். கடகத்தின் தேன்கூட்டுக் கொத்துக்கும் (எம் 44; எம் என்பது மெஸ்ஸியர் பட்டியல் எண்) இதே தீர்ப்பு.

அதே கடகத்தில் எம் 67-க்குப் போனால் கதை வேறு. அரை டிகிரிதான் அகலம். பைனாகுலரில் சாம்பல் வானத்தில் ஒரு மங்கல் திட்டு; அதுவும் தெரிந்தால் லாபம். டெலஸ்கோப்பில் உடைத்த நொய்யைச் சிதறினாற்போல் பிரியும். 150 மி.மீ. கண்ணாடி 50 மி.மீ. லென்ஸைவிட 9 மடங்கு ஒளியை வாங்குகிறது, சரி. ஆனால் ஊருக்குள் இருக்கும் நமக்கு இன்னொரு காரணம்தான் பெரிது. உருப்பெருக்கம் கூடக் கூட வானத்தின் வெளிச்சம் பரவி மங்கும். நட்சத்திரமோ புள்ளியாகவே நிற்கும். 25 மி.மீ. ஐபீஸுக்குப் பதில் 10 மி.மீ. ஐபீஸை மாட்டி 48 மடங்கை 120 ஆக்கினால் பின்னணி கறுத்து, அதுவரை தெரியாத விண்மீன்கள் வெளியே வரும். (தெருவிளக்கு வெளிச்சத்தை வடிகட்டும் என்று விற்கும் ஃபில்டரை இதற்காக வாங்காதீர்கள். விளக்கோடு நட்சத்திரத்தையும் சேர்த்துத்தான் மங்கவைக்கும்.)

ஒரு சிக்கல்: எம் 67 சென்னையில் ஏறக்குறைய நேர் உச்சியில் கடக்கும். டாப்சோனியனை அப்படி நிமிர்த்தி வைத்துவிட்டு இலக்கைத் தேடித் திருப்புவது எரிச்சலான வேலை. உச்சிக்கு வர ஒரு மணி நேரம் இருக்கும்போதே பிடித்துவிடலாம். பைனாகுலர்காரருக்குக் கவலையில்லை, பாயை விரித்து மல்லாந்து படுத்தால் போதும்.

தேளின் வாலருகே உள்ள எம் 7 அகலமானது என்பதால் பைனாகுலருக்கே சொந்தம். ஆனால் திருவொற்றியூரிலிருந்து தெற்கே பார்த்தால் துறைமுக வெளிச்சம். பாதி அழகு அதிலேயே போய்விடும்.

என் ஓட்டு டாப்சோனியனுக்கு. பளிச்சென்ற நாலைந்து கொத்துகளைப் பார்த்து முடித்ததும் இந்த வானத்தில் பைனாகுலருக்கு வேலை குறைந்துவிடும். மாடிப்படியில் அவ்வளவு பெரிய குழாயைத் தூக்க முடியாதவர்கள் பைனாகுலரோடு ஒரு ட்ரைபாடும் வாங்கிவிடுங்கள். 10 மடங்கில் கை நடுக்கமே மங்கலான விண்மீன்களை அழித்துவிடும்.