பெருவிரலைத் தொட்டுவிட்டால் போதுமா?

பழனிப் பாதயாத்திரை முடித்து வந்த அப்பச்சிக்குத் தொடையின் பின்பக்கம் இறுக்கிப் பிடித்தது. இயன்முறை மருத்துவம் படித்த மகள் நான் வீட்டில் இருக்கும்போது தைலத்தோடு விட முடியுமா? “எனக்கா இறுக்கம்? பார்!” என்று ஆத்தங்குடிக் கல் பாவிய தாழ்வாரத்தில் காலை நீட்டி உட்கார்ந்தவர், குனிந்து பெருவிரலைப் பிடித்துவிட்டார்.

இதைத்தான் 1952இல் வெல்ஸ், டில்லன் என்ற இரு ஆய்வாளர்கள் சோதனையாக முறைப்படுத்தினார்கள். அளவுகோல் ஒட்டிய பெட்டி ஒன்று போதும், ஒரு வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேரையும் சீக்கிரம் அளந்துவிடலாம். ஆனால் முதுகின் வளைவும் கையின் நீளமும் அந்தக் கணக்கில் கலந்துவிடும். அப்பச்சிக்குக் கை நீளம், முதுகோ வில்.

மல்லாந்து படுக்கச் சொன்னேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படுத்தார். இடுப்பையும் முழங்காலையும் 90 பாகைக்கு மடக்கி, தொடையை அசையவிடாமல் பிடித்துக்கொண்டு, முழங்காலை மட்டும் நீட்டச் சொன்னேன். முழுதாக நீள 20 பாகை குறைந்தால் பரவாயில்லை. கைபேசியின் சாய்வுமானியை முன்னங்கால் எலும்பில் வைத்துப் பார்த்தால் 40 குறைந்தது. கால் வேறு நடுங்கியது. பின்தொடைக்கு என் ஓட்டு இதற்குத்தான்.

முழங்காலை மடக்காமல் காலைத் தூக்கிப் பார்ப்பதும் உண்டு. 80 பாகை எழுந்தால் நல்லது. ஆனால் இடுப்பெலும்பு உருண்டு கணக்கைக் கூட்டிவிடும். முழங்காலுக்குக் கீழே வலி சுரீரென்று இறங்கினால் நரம்பைச் சந்தேகிக்க வேண்டும். அங்கே இழுத்துப் பார்க்கக் கூடாது.

இவை எதுவும் காட்டாதது இடுப்பின் முன்பக்கம். நாள் முழுதும் கல்லாவில் உட்காரும் அண்ணனுக்குச் சிக்கல் அங்கேதான். அதற்கு 19ஆம் நூற்றாண்டு எலும்பு மருத்துவர் ஹியூ ஓவன் தாமஸின் பெயரில் வழங்கும் சோதனை இருக்கிறது. மேசை விளிம்பில் இடுப்பு இருக்கும்படி மல்லாந்து, ஒரு முழங்காலை மார்போடு அணைத்து, மறுகாலைத் தொங்கவிட வேண்டும். தொங்கும் தொடை மேலே எழும்பி நின்றால் இடுப்பை மடக்கும் தசை இறுக்கம். தொடை படிந்தும் முழங்கால் மடங்காமல் நீண்டு நின்றால் முன்தொடைத் தசை. இடுப்பு மூட்டு மாற்றியவர்கள் தாமாகச் செய்து பார்க்க வேண்டாம்.

முதலில் திண்ணை விளிம்பில் செய்தோம். அண்ணனின் பாதம் படியில் முட்டி, சோதனை வீணானது. சாப்பாட்டு மேசைக்கு மாறியபோதுதான் தொடை நாலு விரற்கடை எழும்பி நிற்பது தெரிந்தது. மேசையைத் துடைக்க ஆத்தா துணியோடு காத்து நின்றார்.